உப்புக் கேட்டு வந்ததைச் சுட்ட கதை: தொடர் எடுக்கப் புறப்பட்டிருக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரையிட்டபோது கடைசி வரிசையில் இருந்த நரைத்தலைக்காரி நான்தான். உங்களில் இரண்டு மூன்று பேருக்கு உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பித்த ரீச்சர். படம் முடிந்து லைற் போட்டதும், "மிருகம் செத்தது, கப்பல் தப்பியது, முடிவு சரி" என்று பேசி முடித்தீர்கள். பிறகு உங்களுடைய தொடரின் முதல் பகுதியை வாசித்தீர்கள். கோணேசர் மலைக்குக் கீழே, இராவணன் வெட்டுப் பக்கமாகக் கடலுக்குள்ளிருந்து ஒன்று எழும்பி வருகிறது, மீனவர்களைக் கொல்கிறது, கதாநாயகன் டைனமைட் போட்டு அதைச் சிதறடிக்கிறான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன். உங்களைப் போலத் தொடர் எடுக்க நினைக்கிற பிள்ளைகள் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் மடலைத் திறந்தபடி விடுகிறேன்.

நீங்கள் காட்டியது, விண்வெளிக் கப்பல் ஒன்றின் பயணங்களைச் சொல்கிற ஸ்டார் ட்ரெக் தொடரில் அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பான பகுதி. 1966 செப்டம்பர் 8. ஜோர்ஜ் கிளேற்றன் ஜோன்சன் எழுதியது. அதற்கு முன்பே படமாக்கிய வேறு பகுதிகள் கையில் இருந்தும், தொலைக்காட்சி நிறுவனம் இதைத்தான் முதலில் போட்டது. மிருகம் வருகிற கதை என்றால் சனம் பார்க்கும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பிழைக்கவில்லை, அறுபது வருடம் கழித்து நீங்களும் அதையே முதலில் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

எம்-113 என்ற வறண்ட கிரகத்தில் கிரேற்றர் என்ற தொல்லியலாளர் மனைவி நான்ஸியோடு இருக்கிறார். உண்மையில் மனைவி எப்போதோ செத்துவிட்டாள். அவளைக் கொன்ற பிராணியே அவளுடைய உருவத்தில் அவரோடு வாழ்கிறது. பார்க்கிறவர் மனதில் யார் இருக்கிறாரோ அந்த முகத்தைக் காட்ட அதற்குத் தெரியும். அதற்கு வேண்டியது உப்பு. உப்புக் கிடைக்காதபோது மனித உடம்பிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது, செத்தவரின் முகத்தில் சிவப்பு வளையங்கள் மிஞ்சுகின்றன.

இதில் நீங்கள் ஒருவரும் பேசாத காட்சி ஒன்று தொடக்கத்திலேயே இருக்கிறது. கப்பலிலிருந்து ஆட்கள் வந்து இறங்கியதும் கிரேற்றர் கேட்பது உப்பு வில்லைகள். அதைத் தந்துவிட்டு எங்களை விட்டுவிடுங்கள் என்கிறார். வந்தவர்கள் முதலில் மருத்துவப் பரிசோதனை என்கிறார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராகச் சாவு விழ, அந்த வேண்டுகோள் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கடைசிக் காட்சியில் கப்டன் கேர்க் கையில் உப்போடு வருகிறார். அதை நீட்டுவது பசி தீர்க்க இல்லை, தூண்டிலில் இரை குத்துவதுபோல.

இரசாயன ரீச்சர் என்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 100 கிராம் சோடியம் இருக்கும். அதைக் கறியுப்பாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 250 கிராம். கடையில் வாங்குகிற 400 கிராம் உப்புப் பைக்கற்றை விடக் குறைவு. ஒரு லீற்றர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து 35 கிராம், அதில் கறியுப்பு மட்டும் 27 கிராம் அளவில். ஆகவே பத்து லீற்றர் வாளியால் நமது கடலில் ஒரு முறை மொண்டால் ஒரு மனித உடம்பின் உப்பு வந்துவிடும். நிலாவெளி உப்பளத்தில் பாத்திகளில் வெயில் ஏற ஏறப் படிந்து, வாரி அள்ளிக் குவித்துக் கிடக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு குவியல் அந்தப் பிராணிக்கு ஒரு தலைமுறைக்குக் காணும். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் பாய்கிற கப்பலுக்கு ஒரு மூடை உப்பு பெரிய காரியமா?

சரி, கொலை செய்ததே என்பீர்கள். செய்தது. கப்பலின் ஆட்கள் நான்கு பேரையும் கடைசியில் கிரேற்றரையும் கொன்றது. அந்தச் சாவுகளை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் கிரேற்றரின் சாவுதான் எனக்கு ஆறவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த மனிதர் தன்னிடமிருந்த உப்பை அந்தப் பிராணியோடு பகிர்ந்து வைத்திருந்தார். அதற்கு உப்பு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அன்பும் வேண்டும், அதற்கு அறிவும் இருக்கிறது என்று அவரே சொல்கிறார். அதே கதை, முடிவு நெருங்கும்போது, உப்பிட்டவரையே அதன் கையால் கொல்லவைக்கிறது. அது ஏன்? இனிமேல் அதைச் சுட்டாலும் பார்க்கிறவர் மனம் சஞ்சலப்படாது என்பதற்காக. முகமும் அப்படித்தான். நான்ஸியின் முகத்தோடு இருக்கும்வரை, அவளை முன்பு காதலித்த கப்பல் டொக்டர் மக்கோயால் சுட முடியவில்லை. சடைமயிரும் சுருக்கம் விழுந்த முகமும் விரல்களில் உறிஞ்சுகுழிகளும் தெரிந்த பிறகுதான் துவக்கு வேலை செய்கிறது. சாகும் நேரத்தில் அது மறுபடி நான்ஸியாகி மன்றாடுகிறது. மக்கோய் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடியும் சுடுகிறார். அந்த இடத்தில் மக்கோயாக நடித்த டிபொறஸ்ற் கெலியின் முகத்தைப் பாருங்கள். கதை மறைத்த கேள்வி அங்கே கிடக்கிறது.

எழுதியவருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒரு காலத்தில் சமவெளி கறுக்கும்படி திரிந்து அழிந்துபோன அமெரிக்கக் காட்டெருமையைப்போல இதுவும் இலட்சக்கணக்கில் இருந்து இப்போது ஒன்றாகிவிட்டது என்று கிரேற்றர் வாயால் சொல்லவைத்தார். எல்லாம் முடிந்தபிறகு காட்டெருமையை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேர்க் சொல்வதோடு கதை முடிகிறது. எனக்கு அது போதாது. சுட்டுவிட்டு வருந்துவதற்குப் பதில், துவக்கைத் தூக்க முன் அரை நிமிடம் நினைத்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆயிரத்துக்கும் கீழே போன அந்தக் காட்டெருமை, கதை சொன்னதுபோல அழிந்துவிடாமல், இன்றைக்கும் உயிரோடிருக்கிறது, சிலர் அந்த அரை நிமிடம் நினைத்தபடியால்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று சொல்லவேண்டும். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்குத் தம்பலகாமத்தில் பெரியம்மா வீட்டில் நின்றேன். மண்சுவர், கிடுகுக் கூரை, வயல் ஓரத்து வளவு. இரவு குசினிப் பக்கம் ஈரமண் சரிகிறமாதிரி ஒரு சத்தம். பெரியப்பா எங்களை நெல் மூடைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் போத்தல் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். சுவரில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் தும்பிக்கை. நான் நின்ற இடத்திலிருந்து ஆறேழு அடி இருக்கும். நுனியில் இருந்த ஒற்றை விரல் போன்ற சதை தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தடவியது. கடுகு ரின்னைத் தொட்டு விட்டது. புளிப்பானையை மெல்ல ஒதுக்கியது. பிறகு உப்புப் பானை. அந்தக் காலத்துக் கட்டியுப்பு, பானையின் அடி எப்போதும் கசிந்து ஈரமாய் இருக்கும். அந்த ஈரத்தில் நுனி நின்றது, ஒரு நீண்ட மூச்சு விட்டது. அந்த மூச்சின் சூடு இப்போதும் என் முகத்தில் இருக்கிறது.

இலை, புல், பட்டையில் சோடியம் மிகவும் குறைவு. அதனால்தான் தாவரம் தின்கிற பெரிய உடம்புகள் உப்பைத் தேடி அலைகின்றன. இதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு ஊரவர்களுக்குத் தெரிந்தது இடிந்த சுவர் மட்டும். யானை வெடி போட்டார்கள், துவக்கும் வெடித்தது. மூன்றாம் நாள் வாய்க்கால் ஓரத்தில் அது விழுந்து கிடந்தது. பார்க்கப் போன பெரியம்மா வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, உப்புப் பானையையும் நெல்லையும் வளவின் மூலையில் ஒரு சின்னக் கொட்டில் போட்டு அங்கே மாற்றுங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னார். அந்தக் கொட்டிலை ஒரு கிழமை முந்திப் போட்டிருந்தால் சுவரும் இருந்திருக்கும், யானையும் இருந்திருக்கும்.

பெரியப்பாவை நான் குற்றம் சொல்லவில்லை. இரவில் பிள்ளைகளோடு படுத்திருக்கிற வீட்டுக்குள் யானை வந்தால் எந்த மனிதருக்கும் கை நடுங்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தச் சிறிய தீவில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் செத்தன, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் யானையால் செத்தார்கள். இரண்டு பக்கமும் இழவு. அப்படிப்பட்ட மாவட்டத்திலிருந்து மிருகக் கதை எழுதப் புறப்படுகிற உங்களிடம், வெளிநாட்டுக்காரர் 1966இல் எழுதியதை விட ஒரு படி கூடுதலாக எதிர்பார்க்கிறேன்.

அவர்களே அந்தப் படியை ஏறினார்கள், அதுவும் ஆறே மாதத்தில். அதே தொடர், அதே முதற் பருவம், 1967 மார்ச் 9, ஜீன் கூன் எழுதிய பகுதி. சுரங்கத்தில் தொழிலாளரைக் கொல்கிற கற்பிராணி ஒன்று. கப்பலின் அதிகாரி ஸ்பொக் அதன் உடலில் கைவைத்து அதன் மனத்தோடு பேசுகிறார். தொழிலாளர் உடைத்தெறிந்த உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள், அது ஒரு தாய் என்று தெரிகிறது. முதற் பகுதியில் சுட்ட அதே மக்கோய் இதில் காயத்துக்குச் சாந்து பூசி வைத்தியம் செய்கிறார். அந்தப் பகுதியைத்தான் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் நினைவில் வைத்திருந்து பாராட்டினார், விசித்திரமானதும் ஆபத்தானதும் கெட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை என்பதை அது காட்டியதாக. 1956இல் தன் நண்பர் மைக் வில்சனோடு கோணேசர் மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களைக் கடலடியில் பார்த்த அதே கிளார்க். உங்களுடைய மிருகம் எழும்புகிற அதே கடல். அடுத்த ஞாயிறு இந்தப் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள்.

டைனமைட்டைப் பற்றியும் ஒரு சொல். உங்களுக்கு அது கதாநாயகனின் ஆயுதம். எங்கள் கரையில் அது பவளப் பாரைச் சுண்ணாம்புத் தூளாக்கி, குஞ்சும் முட்டையுமாக மீனை மிதக்கவிடுகிற சாமான். வெடி போடுகிறவர்களால் வெறும் வலையோடு திரும்புகிற குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் தொடரைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு முன்னால் அதைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். கொட்டியாரக் குடாவிலிருந்து வெளியே போகும் ஆழ்கடல் பள்ளத்தாக்கில் திமிங்கிலங்கள் வந்து போகின்றன. அந்த இருட்டில் இன்னொன்று இருப்பதாக எழுத நல்ல இடம்தான். ஆனால் கேளுங்கள், அது ஏன் மேலே வந்தது? அடியில் என்ன இல்லாமல் போனது? அதைச் சொல்லாமல் வள்ளத்தைக் கவிழ்க்கிற கதை எனக்கு வேண்டாம்.

நீங்கள் வாசித்த பிரதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு எழுத மினக்கெட மாட்டேன். விடிய முந்தி வள்ளம் இறங்குகிற காட்சியும், தாய் கரையில் நின்று ரோர்ச் அடிக்கிற காட்சியும் நம்முடைய ஊரேதான். பதினோராம் காட்சியில் அந்தப் பிராணி முதன்முதலாக வள்ளத்தின் அணியத்தில் கையை வைக்கிறது. அந்த நேரத்தில் அதற்குப் பசியா, வலியா, பயமா என்று பிரதியில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதிக்கொண்டு உவர்மலைக்கு வாருங்கள், பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்