வெள்ளை மணல் காட்டைப் பற்றி மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். புருணையில் நீங்கள் வெள்ளை மணல் திட்டில் நட்ட கன்றுகள் ஓராண்டாகியும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை என்றும், அதனால் யூரியாவை அள்ளி இடலாமா என்று உன்னுடன் வேலை செய்பவர்கள் யோசிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். இடாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போர்னியோவின் பூர்வகுடிகளான இபான் மக்கள் நெல் விளையாது என்று கண்டு விதைக்காமல் விட்ட கெரங்காஸ் நிலம் அது. அந்த மண்ணில் களி ஏறக்குறைய இல்லை. இருப்பது பெரும்பாலும் படிகக்கல் மணல். மணலால் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஆண்டு முழுவதும் கொட்டும் மழை, கரையக்கூடிய அனைத்தையும் கரைத்து அடியில் உள்ள கறுத்த கெட்டிப் படலம் வரை இறக்கிவிடுகிறது. அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் சருகும் விரைவில் மட்குவதில்லை. நீ படம் எடுத்து அனுப்பிய ஓடை பால் கலக்காத தேநீரைப் போல இருப்பதற்கும், மட்கிலிருந்து கசியும் அமிலங்களை உறிஞ்சிக்கொள்ளக் களிமண் இல்லாததே காரணம்.

இத்தகைய இடத்தில் காடு நிற்கிறது என்றால், அதன் செல்வம் மண்ணில் இல்லை, மரங்களின் உடலில் இருக்கிறது என்று பொருள். அங்குள்ள இலைகள் சிறியவையாகவும் தடித்தும் தோல் போலவும் இருப்பதைக் கவனித்திருப்பாய். இலை செய்யச் செலவான சத்து எளிதில் வீணாகக் கூடாது என்பதால் அவை நீண்ட காலம் உழைக்கின்றன. உதிர்வதற்கு முன் தம்மிடமுள்ள தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியைத் தண்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மிச்சத்தோடு கீழே விழும் சருகையும் மரம் கைவிடுவதில்லை. மெல்லிய வேர்கள் மணலுக்குள் ஆழமாக இறங்காமல் சருகுப் படுகையிலேயே பாய் பின்னியது போலப் பரவி, வேர்ப்பூஞ்சைகளின் துணையோடு, மட்கிய சத்து மழையில் கரைந்து ஓடுவதற்குள் எடுத்துக்கொள்கின்றன.

மண்ணை நம்பாமல் பிற உயிர்களை நம்பும் செடிகளும் உண்டு. குடுவைத் தாவரங்கள் பூச்சி தின்பவை என்றே பள்ளியில் படித்தோம், ஆனால் உன் பகுதியில் உள்ளவை அதற்கும் மேலே சென்றுவிட்டன. நெப்பந்தஸ் ஆம்புல்லாரியா தன் குட்டைக் குடுவைகளைத் தரையில் பரப்பி, மூடியைப் பின்னால் மடக்கி வைத்து, மேலிருந்து விழும் சருகை ஏந்திச் செரிக்கிறது. நெப்பந்தஸ் ஹெம்ஸ்லியானாவின் குடுவையில் ஒரு சிறு வௌவால் பகல் முழுவதும் உறங்குகிறது; அதன் எச்சத்திலிருந்தே அச்செடி தன் இலையில் உள்ள தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பெறுகிறது என்று புருணையில் நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. குடுவையின் பின்சுவர் வௌவாலின் ஒலியை எதிரொலித்து வழி காட்டும் வடிவில் அமைந்திருப்பதைப் பின்னர் கண்டறிந்தார்கள். கிளைகளில் தொற்றி வளரும் மிர்மிகோடியாவோ தன் பருத்த தண்டுக்குள் எறும்புகளுக்கு அறைகள் அமைத்திருக்கிறது. வழவழப்பான அறைகளில் அவை குடியிருக்கின்றன, கழிவைச் சொரசொரப்பான அறைகளில் கொட்டுகின்றன. அந்தச் சொரசொரப்பான சுவர் வழியாகவே செடி சத்தை உறிஞ்சுகிறது. இவற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

இப்போது உரத்துக்கு வருகிறேன். நீங்கள் இடும் யூரியாவின் பெரும்பகுதி அடுத்த மழையிலேயே ஓடைக்குப் போய்விடும். தங்குவது, மெதுவாக வளரப் பழகிய உங்கள் கன்றுகளைவிட, வேகமாக வளரும் களைகளுக்கே முதலில் பயன்படும். புருணையின் கெரங்காஸில் ஏற்கெனவே புகுந்து பரவியிருக்கும் மாஞ்சியம் மரம் காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுக்கக்கூடியது. அதன் சருகு எளிதில் தீப்பற்றுகிறது, எரிந்த இடத்தில் அதன் விதைகளே திரளாக முளைக்கின்றன. மண்ணை வளமாக்குவது எப்போதும் உதவி என்று எண்ணிவிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏழை மணலில் வளரும் பாங்சியா என்னும் செடியின் வகைகள் பலவற்றுக்குச் சாதாரணத் தோட்டத்துக்கு இடும் அளவு மணிச்சத்தே நஞ்சாகிவிடுகிறது.

மாறாக, அருகில் அழியாமல் நிற்கும் கெரங்காஸின் சருகையும் மேல்மண்ணையும் அனுமதி பெற்றுச் சிறிதளவு எடுத்து நாற்றங்காலில் கலந்து பாருங்கள். அந்த மரங்களோடு வாழும் பூஞ்சை கன்றுகளின் வேருக்கு வந்து சேர அதுவே எளிய வழி. நம் கடற்கரைச் சவுக்கின் உறவான ஜிம்னோஸ்டோமாவும் அங்கு இயல்பாக வளர்கிறது. சவுக்கைப் போலவே அதன் வேர் முடிச்சுகளிலும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் தங்கித் தழைச்சத்தைச் சேர்க்கிறது. அதன் கன்றுகளை வளர்க்கும்போது தாய்மரத்தடி மண்ணையே சேர்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த சருகைக் கூட்டி அள்ள யாரையும் விடாதே. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அதைத் தோல்வியாக உங்கள் அறிக்கையில் எழுதிவிட வேண்டாம்.

நட்ட இடத்தில் முன்பு மணல் அள்ளினார்களா, அடியிலுள்ள கெட்டிப் படலம் உடைந்திருக்கிறதா என்று ஒரு குழி தோண்டிப் பார்த்து, ஆழத்தை அளந்து எழுது. அது தெரிந்தால் எந்தக் கன்றை எங்கே வைப்பது என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா