தினம் ஓர் அதிகாரம் வாசித்துத் தந்த அக்காவுக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்பான சபையாருக்கும் சிநேகிதர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஒருவழியாக நேற்றோடு எல்லாம் முடிந்தது. என்ன பாடு பட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. முதலில் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

சாப்பாடு கொண்டுவந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு படியேறி இறங்கியவர்கள், கேட்காமலே பணம் அனுப்பியவர்கள், ராத்திரியில் எழுந்து எங்களுக்காக முழங்காலில் நின்றவர்கள், போதகர் ஐயா, அம்மா... உங்கள் ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து பார்ப்பேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அக்கா என்றே சொல்கிறேன்.

அந்த நாட்களில் வேதத்தைத் திறந்தால் எழுத்து கண்ணில் பட்டதே தவிர மனதில் ஏறவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அன்றைக்கு என்ன தேதியோ, வேதத்தில் நீதிமொழிகள் புத்தகத்தின் அந்த அதிகாரம். மெல்லிய தாள் புரளும் சத்தம், ஒரு செருமல், அப்புறம் முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை நிதானமாக வாசிப்பு. முடிந்ததும் நின்றுவிடும். விளக்கம் இல்லை, புத்திமதி இல்லை, "இதைப் பிடித்துக்கொள்" என்ற ஒரு வார்த்தைகூட இல்லை.

அன்று தொடங்கியவர் ஒரு நாளும் விடவில்லை. சளி பிடித்துத் தொண்டை கட்டியபோதும் இருமி இருமி வாசித்தார். நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம். 30 நாள் மாதமென்றால் கடைசி நாளில் இரண்டு அதிகாரம் வரும்.

ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாம் பாசத்தில் சொன்னதுதான். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து துடித்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த மாதிரி ஒரு துணை எனக்குத் தேவைப்பட்டது. அக்கா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், வசனத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு.

நீதிமொழிகள் 26-ம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனம் இருக்கிறது. மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடாதே என்கிறது நான்காம் வசனம். கொடு என்கிறது ஐந்தாம் வசனம். முதல் மாதம் கேட்டபோது குழம்பிப் போனேன். அடுத்த மாதம் அதே தேதியில் கேட்டபோது, எங்களைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. பதில் சொன்னால் நானும் அந்தச் சேற்றில் இறங்க வேண்டும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். அதற்கடுத்த மாதம் வேறொரு பொய் வந்தது. சும்மா இருந்தால் அதுவே உண்மையாகிவிடும் என்ற நிலை. அன்றைக்கு எழுந்து நின்று பேசினேன். எந்த நாளைக்கு எந்த வசனம் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தினமும் காதில் விழுந்து விழுந்து, தேவையான நேரத்தில் அதுவாக எழுந்து வந்தது. உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். நான் கேட்டேன். அவர் அக்காவின் குரலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார் என்றே நம்புகிறேன்.

25-ம் அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்த நீதிமொழிகளை எசேக்கியா ராஜாவின் மனுஷர் பேர்த்தெழுதினார்கள், அதாவது படியெடுத்தார்கள், என்று ஒரு வரி வரும். முன்பெல்லாம் நான் தாண்டிப் போன வரி. அவர்கள் யார் யார் என்று அதில் இல்லை. சாலொமோன் சொன்னதை உட்கார்ந்து எழுதி அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அக்கா, நீங்களும் அந்த வரிசையில் ஒருவர்.

வருகிற 1-ம் தேதியிலிருந்து நானும் வாசிக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்போது வேதத்தைத் திறக்க முடியாமல் இருந்தால், ஒரு மெசேஜ் போடுங்கள். என்ன கஷ்டம் என்று கேட்க மாட்டேன். அன்றைய அதிகாரத்தை வாசித்து விடியுமுன் அனுப்பிவைக்கிறேன்.