மணலி புதுநகர் பஞ்சர் கடை அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து பழவேற்காட்டுக்குத் தனியாக சைக்கிளில் போய் வந்தேன். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இன்று புதர்மேடாகக் கிடக்கிறது. கல்லறைத் தோட்ட வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் மட்டும் இன்னும் காவல் நிற்கின்றன. எத்தனை கடல் தாண்டி வந்து இங்கே மண்ணானார்கள் என்று யோசித்தபடியே திரும்பினேன்.

மணலி புதுநகர் பக்கம் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தது. இருட்டும் நேரம். கன்டெய்னர் லாரிகள் உரசுகிற மாதிரி போகின்றன. என்னிடம் இருந்த டியூபை மாற்றியும் பயனில்லை, கிழிசல் வழியே பிதுங்கியது.

தள்ளிக்கொண்டே வந்தவனைப் பார்த்து, மூடிக்கொண்டிருந்த கடையை மறுபடி திறந்தார் அந்த அண்ணன். "இன்னா தம்பி, எங்கேர்ந்து வர்ற?" அவ்வளவுதான் கேட்டார். டயருக்குள் விரலை விட்டு மெதுவாகத் தடவி, மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை எடுத்தார். பழைய பைக் டியூபில் ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காயும்வரை ஊதி, கிழிசலுக்கு உள்பக்கம் ஒட்டினார். காற்றைக் கொஞ்சம் கம்மியாகவே அடித்தார்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "லைட்டு போட்டுக்கினு ஓரமா போ" என்றார்.

அந்த ஒட்டு இன்னும் தாங்குகிறது, அண்ணே. பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறேன், டீயாவது என் கணக்கில் குடிக்க வேண்டும். ரொம்ப நன்றி.