ஓய்வூதியர் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், மூத்த அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பன்னிரண்டும் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். டிசம்பர் 17 அன்று ஓய்வூதியர் தினம் கொண்டாடினோம். 1982-ல் அந்த நாளில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு மனமிரங்கித் தரும் கொடை அல்ல, உரிமை என்று தீர்ப்பளித்தது. நகாரா 1972-ல் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி. 1979 மார்ச் 31-க்கு முன்பே ஓய்வு பெற்றவர் என்பதால் புதிய கணக்கீட்டின் பலன் அவருக்குக் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். அதன் பயனை இன்று நாம் எல்லோரும் அனுபவிக்கிறோம்.

இந்த ஆண்டு என்னை உலுக்கியது வேறொன்று. ஜூன் மாதம் நம் உறுப்பினர் ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய துணைவியார் ஒரு மஞ்சப்பை நிறையக் காகிதங்களோடு வந்தார். எது பி.பி.ஓ. புத்தகம், அதாவது ஓய்வூதியம் வழங்கும் ஆணை, என்றே அவருக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். பிறந்த தேதி பதிவாகவே இல்லை. "அவர் இருந்தவரைக்கும் ஒரு பேங்க் சலானைக்கூட நான் தொட்டதில்லை சார்" என்று அழுதார். குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. அன்று ராத்திரியே என் வீட்டு பீரோவைத் திறந்து, எல்லாவற்றையும் என் மனைவிக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அப்புறம்தான் வீடு வீடாகப் போக முடிவெடுத்தோம். கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, பெயர், பிறந்த தேதி, நியமனதாரர் எல்லாம் சரிபார்க்கிறோம். 80 வயதில் 20 சதவீதமும் 85-ல் 30 சதவீதமும் கூடுதல் ஓய்வூதியம் உண்டு. குடும்ப ஓய்வூதியர்களுக்கும் இது பொருந்தும். பிறந்த தேதி பதிவில் இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிடும்.

வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதும் அவசரத்தையும் பல வீடுகளில் பார்த்தோம். எழுதுவது உங்கள் விருப்பம். ஆனால் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். அது மீறப்பட்டால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின்கீழ் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

காகிதம் ஒழுங்கானதும் பேச்சு தானாக ஆசைகளுக்குப் போனது. கிராம சுகாதார செவிலியராக இருந்த அக்கா ஒருவர், முதன்முதலில் வேலை பார்த்த ஊரை மறுபடி பார்க்கவே இல்லை என்றார். பொங்கல் முடிந்த வாரம் வேன் பிடித்துக் கூட்டிப்போனோம். அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த பெண் இப்போது பேரன் எடுத்துவிட்டாள்! அந்தக் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அக்கா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. திரும்பும் வழியில், "ரிட்டயர் ஆன மறுநாளே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வரும் ஆண்டும் வேன் உண்டு. போக நினைக்கும் ஊரை எழுதிக் கொடுங்கள், முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்வருவோம். வீடுகளுக்கு வரும் குழுவில் மஞ்சப்பையோடு வந்த அந்த அம்மாவும் சேர்ந்திருக்கிறார். இன்னும் பார்க்காத வீடுகளுக்கு ஏப்ரலில் வருகிறோம். புத்தகத்தை எடுத்து வையுங்கள்.

செயலாளர்