சஃபோக் கவுண்டியின் நிலத்தடி நீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவிலுள்ள சஃபோக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மக்கள், காலடியிலிருக்கும் மணல் அடுக்குகளில் தேங்கிய மழைநீரையே இறைத்துக் குடிக்கிறார்கள். வேறு போதிய ஆதாரம் இல்லாத இந்த நீர்த்தாங்கிகளை, குடிநீருக்கான ஒரே மூலம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1978-இலேயே அறிவித்துவிட்டது.

ஆயினும் அங்குள்ள ஏறத்தாழ 3,60,000 வீடுகளின் கழிவுநீர், பாதாளச் சாக்கடை வசதி இல்லாததால், செப்டிக் தொட்டிகள் வழியாகவும் பழைய உறைகுழிகள் வழியாகவும் அதே மணலில்தான் இறங்குகிறது. கிருமிகளைப் பெருமளவு மணல் வடிகட்டிவிடும். கழிவிலுள்ள நைட்ரஜனோ நைட்ரேட்டாக மாறி, நீரில் கரைந்து, தடையின்றிக் கீழே போய்விடும். பொதுக் குடிநீரில் நைட்ரேட்-நைட்ரஜன் (அதாவது நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனின் அளவு) லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கூட்டரசின் விதி. தாண்டினால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனை ஏந்திச் செல்லும் திறன் குன்றக்கூடும். வீட்டுக் கிணறுகளுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது. குழந்தைகள் அங்கும் இருக்கிறார்கள் என்பதை ஏனோ மறந்துவிட்டார்கள்.

நைட்ரஜனைக் குறைக்கும் புதிய தொட்டிகளுக்கும் சாக்கடைப் பணிகளுக்கும் நிதி திரட்ட, விற்பனை வரியில் 0.125 விழுக்காடு கூட்டுவதற்கு 2024 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தது வரவேற்கத்தக்கது. எனினும் ஏற்கெனவே மண்ணில் இறங்கிவிட்ட நைட்ரேட் ஆழ்ந்த அடுக்குகளை எட்டப் பல்லாண்டுகள் ஆகும் என்பதால், தனியார் கிணறுகளை ஆண்டுதோறும் இலவசமாகச் சோதித்துத் தருவதும் கவுண்டி நிர்வாகத்தின் பொறுப்பாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்