எங்கள் டென்னிஸ் சங்கத்தைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். முதல் களத்தில் நேற்று மாலை வலையை முழு உயரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டோம். நடுவில் 3 அடி, கம்பங்களின் அருகே மூன்றரை அடி. அளந்து பார்த்துச் சரி என்று சொன்ன பயிற்சியாளருக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. களங்களின் தளம் கெட்டுப்போய் ஆட்டம் நின்ற அந்த நாட்களில் நடந்தது என்ன என்பதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை; இந்த மடலைப் படிக்கிறவர்கள் அனைவரும் அதை அருகிலிருந்து பார்த்தவர்கள்தாம். சங்கத்தைக் கலைத்துவிட்டு இருப்பில் உள்ள தொகையை உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடலாமா என்று செயற்குழு உட்கார்ந்து பேசிய நிலையிலிருந்து இன்று இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்றால், அது யாரால் முடிந்தது என்பதைச் செயலாளர் என்ற முறையில் எழுத்தில் வைக்க வேண்டியது என் கடமை. மனம் ஆறட்டும் என்று காத்திருந்தால் இன்னும் ஒழுங்காக எழுதலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குக் காத்திருக்க மனமில்லை.

அடுத்த ஆண்டுக்கான சந்தாவை இந்த ஆண்டே கட்டிவிட்டு ரசீதுகூடக் கேட்காமல் போனவர்களுக்கும், தங்கள் களங்களில் வாரத்தில் சில மணி நேரத்தை எங்கள் போட்டிக் குழுவுக்கு ஒதுக்கிக் கொடுத்த அண்டைச் சங்கங்களுக்கும், விடியற்காலையில் வந்து தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு அதே ஈர உடையோடு வேலைக்குப் போன இளைஞர்களுக்கும், சம்பளத்தைத் தாமதமாக வாங்கிக்கொள்கிறேன் என்று தாமாகவே முன்வந்து சொன்ன பயிற்சியாளருக்கும், ஒவ்வொரு செலவையும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டி யாருக்கும் எந்த ஐயமும் எழாமல் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கும், தளம் அமைத்த தொழிலாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம், எழுதத் தகுதியுள்ளவர்களே. ஆனால் இந்த மடலில் பெரும்பகுதியை ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அறிவேன். அவர்களில் பலர் என்னிடம் வந்து, முதலில் அவரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள்.

அவர் நம் சங்கத்தின் உறுப்பினர் அல்லர். டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்ததும் இல்லை. தம் மகளைப் பயிற்சிக்கு அழைத்து வந்து, பயிற்சி முடியும்வரை வேலியோரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு அழைத்துப் போகும் தாய்மார்களில் ஒருவர். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அந்தச் சகோதரி என்றே எழுதுகிறேன்.

மற்றக் களங்களை முற்றிலும் மூடிவிட்டு, முதல் களத்திலும் வலைக்கு அப்பால் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். வலைக்கு இந்தப் பக்கம் மட்டும் பாதுகாப்பானது. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும் களத்தால் என்ன பயன்? தனியாக நின்று சர்வீஸ் போட்டுப் பழகலாம். எதிரே நின்று பந்தைத் திருப்பி அடிக்க ஆள் நிற்க முடியாது. ஆகவே, பழுதுபார்க்கும் வேலை முடியும்வரை எல்லாப் பயிற்சியும் நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பை எழுதி முடித்துவிட்டு, ஒட்டுவதற்காக வாசலுக்கு வந்தேன். மற்றப் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சகோதரி மட்டும் போகாமல் நின்று களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இந்தப் பக்கம் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லைதானே?” என்றார். ஆகவில்லை என்றேன். “பெரியவர்களுக்குத்தான் 78 அடி நீளம் வேண்டும், மெதுவாகப் போகும் சிவப்புப் பந்தில் ஆடும் சின்னப் பிள்ளைகளுக்கு 36 அடி நீளமும் 18 அடி அகலமும் போதும் என்று சேர்க்கும் அன்று பயிற்சியாளர் சொன்னார். இந்தப் பாதியிலேயே அந்த 36 அடி குறுக்காக இருக்கிறதே?”

இருந்தது. இரட்டையர் களத்தின் அகலம் சரியாக 36 அடி. ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறுபக்கக் கோடுவரை குறுக்காக எடுத்துக்கொண்டால், அந்த இரண்டு வெள்ளைக் கோடுகளும் பிள்ளைகளின் களத்துக்கு பேஸ்லைன்களாக, அதாவது இரு முனைகளின் எல்லைக் கோடுகளாக, அமைந்துவிடும். அவற்றுக்கு வெளியே வேலிவரை 12 அடி இடம் உண்டு. பின்னால் போய் அடிக்கும் சிறுவனுக்கு அது தாராளம். இந்த அளவுகளை நாங்கள் எல்லாரும் அறிவோம். ஆயினும் அன்று அந்தப் பாதியில் ஒரு களத்தைக் கண்டவர் அவர் ஒருவரே.

மறுநாள் அளவு நாடாவும் சாக்பீஸும் கொண்டு வந்துவிட்டார். மகள் நாடாவின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொள்ள, அவர் மறுமுனையை இழுத்துப் பிடித்துப் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கிடையே நூல் கட்டி, அந்த நூலை ஒட்டியே கோடு வரைந்தார். அகலம் 18 அடியாக இரண்டு களங்கள். பேஸ்லைனுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தையும் சேர்த்துக்கொண்டதால் இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளாதபடி இடைவெளியும் கிடைத்தது. வலைக்கு என்ன செய்வது என்று நாங்கள் யோசிப்பதற்குள், நடுவரின் உயர்ந்த நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்லி, அதிலிருந்து பின்வேலிக் கம்பம்வரை ஒரே கயிற்றை இரண்டு களங்களுக்குமாகக் கட்டினார். கயிறு தொய்யாதபடி இடையில் நாற்காலிகளை நிறுத்தி, 80 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறதா என்று மூன்று இடங்களில் அளந்தார். வெறுங்கயிறு பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியாது என்று பழைய துணியைக் கிழித்து, கைப்பிடி அகலத்துக்கு ஒரு துண்டாக வரிசையாகத் தொங்கவிட்டார். எங்கள் வழக்கமான வலை, பந்துகள் ஆபத்தான பக்கத்துக்கு ஓடிவிடாமல் தடுக்கும் வேலியாக நின்றது. சாக்பீஸ் கோடு ஒரு மாலைக்கு மேல் தாங்காது. எனவே வேலை முடியும்வரை பயிற்சி நாள்தோறும் அரை மணி முன்னதாக வந்து அவரே மறுபடியும் வரைந்தார். ஒருவரிடமும் முறையிட்டதில்லை.

சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிட ஏறக்குறைய 75 சதவீதம் மெதுவாகப் போகும், தாழ்வாக எழும்பும். பத்து வயதுக்கு உட்பட்டோரின் போட்டிகளில் மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதியாகவே ஆக்கியதற்குக் காரணம் இதுதான்: தலைக்கு மேல் எழும்பும் பந்தைத் துரத்தும் பிள்ளை டென்னிஸ் கற்பதில்லை, தப்பித்துக்கொள்ளத்தான் கற்கிறது. எங்கள் சங்கத்தில் அந்தச் சிவப்புப் பந்துகளும் சின்னக் களங்களும் எப்போதும் மீதி நேரத்துக்கும் மீதி இடத்துக்கும் உரியவையாக இருந்தன. அந்த மாதங்களில் அவைதாம் சங்கம்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு சங்கம் நின்றுபோவது களம் கெடுவதால் மட்டும் நடப்பதில்லை. மாலை ஐந்தரைக்கு வந்து பழகிய கால்கள் சில வாரம் வராமல் இருந்தால் அந்த நேரத்துக்கு வேறு வேலை வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரட்டையர் ஆட்டத்துக்கு நால்வர் வேண்டும். ஒருவர் நின்றுவிட்டால் மற்ற மூவரும் கொஞ்ச நாள் ஆள் தேடிவிட்டு அவர்களும் நின்றுவிடுகிறார்கள். அதன் பிறகு புதுத் தளம் போட்டுத் திறந்தாலும் ஆட ஆள் இருக்காது, சந்தா வராது, சந்தா இல்லாமல் விளக்குக்கும் வலைக்கும் பந்துக்கும் வழி இருக்காது. நிதி திரட்டுவதைப் பற்றியே இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்த எங்கள் நடுவில், ஆட்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதை ஓர் அளவு நாடாவைக் கொண்டு செய்து காட்டினார் அந்தச் சகோதரி.

பிள்ளைகள் வந்ததால் பெற்றோர் வந்தார்கள். பெற்றோர் வருவதைக் கேள்விப்பட்டு மூத்த உறுப்பினர்கள் வந்தார்கள். ஆட முடியாவிட்டாலும் கயிற்றோரம் நின்று பந்து போட்டுக் கொடுத்தார்கள், புள்ளிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்பதாண்டுகளாக ஆடிவரும் பெரியவர் ஒருவர், ஏழு வயதுச் சிறுமிக்கு ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டை எப்படி உறுதியாக வைப்பது என்று மண்டியிட்டு அமர்ந்து காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இருவரும் ஒரே சங்கத்தில் இருந்தும் அதுவரை ஒரு சொல் பேசியவர்கள் இல்லை. தளம் அமைப்பதற்கான முதல் தொகை அந்தக் கயிற்றோரப் பேச்சுகளில்தான் சேர்ந்தது. வேண்டுகோள் கடிதங்களால் வந்ததைவிட அது அதிகம் என்று பொருளாளர் கணக்கைக் காட்டினார்.

புதுத் தளத்துக்கு நீரூற்றிச் சோதித்த அன்று அவர் வந்திருக்க வேண்டும் என்று விரும்பி அழைத்தேன், வந்தார். களம் முழுவதும் நனைய நீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பது முறை. அதற்குள் நீர் சரிவோடு ஓடி வடிந்திருக்க வேண்டும், எங்கேனும் தேங்கினால் அங்கே குழி இருக்கிறது என்று பொருள். சரிவு ஒரே பக்கமாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், 10 அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் இருக்கும். வலையோரம் உள்ளங்கை அளவுக்கு நீர் தேங்கி நின்ற ஓரிடத்தை முதலில் கண்டு மேஸ்திரிக்குக் காட்டியவரும் அவரே. அந்த இடத்தைச் சுற்றி அடையாளம் போட அவர் கைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தபோது மேஸ்திரி சிரித்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இனி எங்கள் உறுதிமொழி. முதல் களத்தின் இரண்டு பாதிகளிலும் பிள்ளைகளுக்கான கோடுகள் தளத்தின் நிறத்திலேயே சற்று வெளிர்ந்த வண்ணத்தில் நிரந்தரமாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. வெள்ளைக் கோடுகளைத் தொடாமல் சற்று முன்னதாகவே அவை முடிந்துவிடுவதால் பெரியவர்களின் ஆட்டத்துக்கு இடையூறு இல்லை. இடையூறு என்று யாரேனும் சொன்னாலும், நான் இந்தப் பொறுப்பில் இருக்கும்வரை அவை அழிக்கப்படமாட்டா. பிள்ளைகளின் மாலை நேரம் எந்தப் போட்டிக்காகவும், எந்த விருந்தினருக்காகவும் தள்ளிவைக்கப்படாது. செயற்குழு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறது.

அந்தச் சகோதரிக்கு வாழ்நாள் உறுப்பினர் தகுதி வழங்கவும் ஒருமனதாக முடிவு செய்தோம். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தமக்கென்று எதுவும் வேண்டாம், பிள்ளைகளின் பயிற்சி முடியும்வரை பெஞ்சில் காத்திருக்கிறவர்களுக்கும் ஆடிப் பழக ஒரு மணி நேரம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. வரும் வாரம் முதல், பயிற்சி நடக்கும் மாலைகளில் இரண்டாம் களம் பெற்றோருக்கென ஒதுக்கப்படுகிறது. பாதி வேகத்தில் போகும் ஆரஞ்சுப் பந்துகளால் தொடங்குவோம், மட்டைகளைச் சங்கமே கொடுக்கும், கட்டணம் கிடையாது. வழுக்காத காலணி மட்டும் அணிந்து வாருங்கள். முதல் பெயராக அவருடைய பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டேன். இதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

மிக்க நன்றியுடன்,
செயலாளர்