நான்கு குண்டுகளின் தழும்பும் நம் வண்டியின் என்ஜினும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வாகனப் பக்கத்தில் என்ஜின் ஆயிலின் தடிமனைக் குறிக்கும் கிரேடுகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். ஆய்வகத் தேய்மானச் சோதனையில் எந்த ஆயில் மிகச் சிறிய தழும்பைத் தருகிறதோ, அதுவே என்ஜினை நெடுநாள் காக்கும் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை, மார்த்தாண்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒர்க்‌ஷாப் நடத்திவரும் என்னால் ஏற்க இயலவில்லை.

அவர் குறிப்பிடும் நான்கு குண்டுச் சோதனையில், 12.7 மி.மீ. விட்டமுள்ள மூன்று எஃகுக் குண்டுகளை ஆயிலில் அசையாமல் பொருத்தி, அவற்றின்மேல் நான்காவது குண்டை 40 கிலோ சுமையோடு, 75 டிகிரி செல்சியஸ் சூட்டில், நிமிடத்துக்கு 1,200 சுற்று வீதம் ஒரு மணி நேரம் சுழற்றிய பின், கீழ்க் குண்டுகளில் விழுந்த தழும்பின் விட்டத்தை அளக்கிறார்கள். எஃகும் எஃகும் ஒரே புள்ளியில் உரசும் அந்நிலையில், ஆயிலின் தடிமனைவிட அதில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்க்கைப் பொருளே பெரும்பாலும் வேலை செய்கிறது. கார் என்ஜினின் கிராங்க் பேரிங்கிலோ, வண்டி ஓடும்போது உலோகத்தை உலோகம் தொடுவதே அரிது. இடையில் நிற்கும் ஆயில் படலத்துக்குத்தான் அங்கே மதிப்பு. ஆகவே 30 கிரேடும் 40 கிரேடும் வெவ்வேறு தழும்பைத் தந்தால், அதற்குக் காரணம் கிரேடா, சேர்க்கைப் பொருளா என்பது அந்த எண்ணிலிருந்து விளங்காது. குளோரின் சேர்ந்த சில பொருள்கள் இத்தகைய உரசல் சோதனைகளில் நன்றாகத் தேறிவிட்டு, என்ஜினுக்குள் அமிலமாகி பேரிங்கை அரிக்கக்கூடியவை என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இச்சோதனைக்கென ஏஎஸ்டிஎம் என்னும் தர நிர்ணய அமைப்பு வகுத்த டி4172 நெறிமுறையின்படியே, ஒரே ஆய்வகத்தில் ஒரே ஆயிலை இருமுறை சோதித்தாலும் 0.12 மி.மீ. வரையும், இரு ஆய்வகங்களுக்கிடையே 0.28 மி.மீ. வரையும் வேறுபாடு வரலாம். அப்படியிருக்க, 0.42, 0.48 என்று வரும் இரு எண்களைக் கொண்டு முதலிடம், இரண்டாமிடம் வழங்குவது எப்படி முறையாகும்?

பேரிங்கின் பாதுகாப்பை அறிய விரும்புவோர், 150 டிகிரியில் மிகுவேக உரசலில் அளக்கப்படும் பாகுநிலையை, அதாவது ஆயிலின் தடிமனைப் பார்க்க வேண்டும். 30 கிரேடுக்கு அது குறைந்தது 2.9, 20டபிள்யூ-40க்கு 3.7 மில்லிபாஸ்கல் விநாடி. டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிர்நிலையைக் குறிப்பது. 5டபிள்யூ என்பதை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலிலும் பேச்சிப்பாறையில் அந்தக் குளிர் அடிக்கப்போவதில்லை.

சென்ற வாரம் குலசேகரத்திலிருந்து வந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், தங்கள் இதழின் பக்கத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, 10டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய தம் பைக்குக்குப் பட்டியலில் முதலில் நின்ற கார் ஆயிலைக் கேட்டார். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது என்பதையும், பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரையான ஜாசோ எம்ஏ இல்லாத ஆயிலில் அது வழுக்கக்கூடும் என்பதையும் விளக்கி அனுப்ப எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவர் மேல் தவறில்லை. அச்சில் வந்ததை நம்பினார்.

ஒவ்வோர் ஆயிலும் எத்தனை முறை சோதிக்கப்பட்டது, என்ன சுமையில், புதிய ஆயிலா ஓடிய ஆயிலா என்னும் விவரங்களையாவது அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒர்க்‌ஷாப் உரிமையாளர் ஒருவர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.